ஏசல்: வசைவிளையாட்டின் தோற்றமும் மரபும்

பள்ளு நூல்களைப் பயில்வோர் அவற்றின் இறுதிப் பகுதியை அடையும்போது சற்றே தயங்குவர். உழுது, விதைத்து, நாற்று நட்டு, அறுத்து, நெல்லும் அளந்தாயிற்று. இனி வாழ்த்தொடு நூல் முடியும் என்று எதிர்பார்க்கும் வேளையில், மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் ஏசத் தொடங்குகின்றனர். அவ்வேச்சு அப்பெண்டிர் அளவில் நில்லாது, அவரவர் வழிபடு தெய்வத்தின்மேலும் ஏறுகின்றது. இப்பகுதி பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவிவந்துள்ளன. பொதுமக்கள் சுவைக்காகப் புலவர் தம் நிலையினின்று இறங்கிச் சேர்த்த பகுதி இது என்பது ஒன்று. சைவ வைணவப் பூசலுக்கு இலக்கியச் சான்று இது என்பது மற்றொன்று. முன்னைய கருத்தினர் இப்பகுதியைப் பாடஞ் சொல்லாது கடந்து செல்வர். பின்னையோர் இதனைச் சமய வரலாற்றுக்கு அடிக்குறிப்பாக்கி அமைவர். இவ்விரண்டும் பொருந்தா என்பது எம் துணிபு. யார் யாரை ஏசலாம், எப்பொழுது ஏசலாம், எவ்விடத்து நிறுத்தல் வேண்டும் என்னும் வரையறைகளை உடைய ஒரு விளையாட்டே ஏசல் என்பதும், அவ்விளையாட்டுக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் நலம். ஏசல் என்பது ‘ஏசு’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். இகழ்தல், வைதல் என்பன அதன் பொருள். ஈழத்துத் தமிழ்ப் பேச்சில் ‘அம்மா ஏசினா’ என்பது இன்றும் நாள்தோறும் வழங்குவது. ஆங்கு அது கடிந்துரைத்தலைக் குறிக்கும். இலக்கிய வகையின் பெயராக வருங்கால் இச்சொல் பொருளிற் சிறிது நுணுகுகின்றது. ஒருவர் ஏச மற்றவர் வாளாவிருப்பின் அது வசையாகலாம், ஏசலாகாது. ‘வள்ளி தெய்வானை ஏசல்’ என்பது போன்ற சிறு நூல்கள் இருவர் மாற்றுரைகளாலேயே நடக்கின்றன. எதிருரை பெறுதல் ஏசலின் உயிர்.

இவ்வியல்பினால் ஏசல், அங்கதத்தினின்றும் வேறாதல் அறியப்படும். தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என இருகூறாக்கினார். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலின் பொலிவைப் புகழ்வது போலப் போர் காணாமையைச் சுட்டிய புறநானூற்றுப் பாடல் பின்னையதற்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு. அதன்கண் தொண்டைமான் மறுமொழி கூற இடமில்லை. கூறியிருப்பின் பாட்டின் கூர்மை மழுங்கியிருக்கும். காளமேகப் புலவர் பேரில் வழங்கும் வசைக்கவிகளும் பெரும்பாலும் இவ்வினத்தனவே. அங்கதம் எய்த அம்பு. ஏசல் எறிந்து பிடிக்கும் பந்து.

இவ்விளையாட்டின் பழைய வடிவத்தைக் காண விழைவோர் கலித்தொகைக்குச் செல்லுதல் வேண்டும். மருதக்கலியுள் 94-ஆம் பாட்டு அரண்மனைப் பணியாளர் இருவரைப் பற்றியது. ஒருத்தி கூனி, மற்றவன் குறளன். அவன் அவளை வழியில் தடுத்துக் காதல் பேச, அவள் அவன் குறுமையை எள்ளுகின்றாள். அவன் அவள் கூனை எள்ளுகின்றான். உவமைகள் ஒன்றையொன்று விஞ்சுகின்றன. ஒருவர் சொல்லை மற்றவர் பற்றிக்கொண்டு திருப்பி எறிகின்றனர். எள்ளல் முதிருங்கால் பாட்டுத் திரும்புகின்றது. இனி நம்முள் நகையாடுதலை விடுவோம் என்று அவன் கூற, அரசன் அடி தொட்டு உறுதிமொழியும் செய்யப்படுகின்றது. அவளும் அடங்கி அன்பு காட்டுகின்றாள். இருவரும் சோலைக்குப் போதலோடு பாட்டு முடிகின்றது.

இப்பாட்டைப் பெருந்திணையின்பாற் படுத்துப் ‘பொருந்தாக் காமம்’ என்று சுருங்கச் சொல்லிப் போதலே வழக்கமாகிவிட்டது. ஆயினும் அவர்கள் பிரியுமுன் கூறும் சொற்களுள் ஒன்று நின்று நோக்கற்பாலது. கோயிலுள் காண்போர், பேயும் பேயும் கூடித் துள்ளுகின்றன என்று நம்மைக் கண்டு சிரியாதிருத்தல் வேண்டும். ஆதலின் வேறிடம் போதுவோம் என்பது அது. சற்று முன்னர்வரை ஒருவர் உடலை ஒருவர் வாய்க்கு வந்தவாறு எள்ளியவர் அவர். அவ்வெள்ளல் அவர்க்கு வலிக்கவில்லை. காண்போர் சிரிப்பு ஒன்றே வலிக்கும். ஒரே குறையைக் குறித்து ஒரே சொல்லைச் சொல்லினும், ஒத்தார் வாயிற் பிறந்தால் விளையாட்டாகவும் உயர்ந்தார் வாயிற் பிறந்தால் வசையாகவும் ஆதலைப் பாடிய புலவர் நன்கு அறிந்துள்ளார். மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களமாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறப்பட்டன. அவற்றுள் எள்ளலால் பிறக்கும் நகை எள்ளுவோனுக்கும் எள்ளப்படுவோனுக்கும் பொதுவாகும் இடம் இஃது ஒன்று.

கலித்தொகைக்குப் பின் இம்மரபு பெண்டிர் விளையாட்டினுள் புகுந்து வளர்ந்தது. பரிபாடலின் 9-ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்தில் வள்ளியின் தோழியரும் தேவசேனையின் தோழியரும் தம்முட் பூசலிடும் காட்சி உளது. அது சொற்போராக விரியாது கைப்போராகவே நிற்றலின் விரித்துரையேம். நமக்கு வேண்டுவது சாழல்.

சாழல் என்பது மகளிர் இருவர் எதிரெதிர் நின்று ஆடும் ஆட்டம். மாணிக்கவாசகர் தில்லையிற் பாடிய திருச்சாழல் 20 பாடல்களை உடையது; திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியின் பதினொராம் பத்தில் ஒரு திருமொழியை இவ்வாட்டப் பாடலாக அமைத்துள்ளார். சைவத் திருச்சாழலில் ஒருத்தி, நின் தலைவன் பூசுவது சாம்பர், பூண்பது பாம்பு, உடுப்பது கோவணம், உறைவது சுடுகாடு, உண்டது நஞ்சு என்று அடுக்கி, இஃது என்ன பெருமை என்று ஏளனம் போல வினவுகின்றாள். மற்றவள் விடை கூறுகின்றாள்: அவன் நஞ்சுண்டிலனாயின் அயன் மால் உள்ளிட்ட தேவரெல்லாரும் அன்றே மாண்டிருப்பர் என்றாற்போல. ஆழ்வார் பாடலிலும் இதே நடை; வெண்ணெய் உண்டு கட்டுண்டவன் அல்லனோ என்று ஒருத்தி இளிவரல் தோன்றக் கூற, அவனே உலகெலாம் உண்டவன் என்ற பொருள்பட மற்றவள் உயர்த்துகின்றாள். ஈழத்திலிருந்து வந்த புத்த சமயத்தார் எழுப்பிய வினாக்களுக்கு ஈழ அரசனின் ஊமை மகள் கூறிய விடைகளே திருச்சாழல் என்னும் வரலாற்றைத் திருவாதவூரர் புராணம் கூறும். அவ்வரலாறு எவ்வாறாயினும், பாடலின் உருவம் வாதமன்றத்தினதன்று, மகளிர் ஆடுகளத்தினது. புறச்சமயத்தார்க்கு விடை கூறப் புகுந்த அடியார், ஊரில் பெண்டிர் ஆடும் ஏளன விளையாட்டை எடுத்துக்கொண்டனர் என்று கொள்ளுதலே இயல்பு.

பெரியாழ்வார் திருமொழியில் உந்தி பறக்கும் பாடல்களும் இவ்விடத்து நினைக்கத்தக்கன. ஆங்கு ஒரு பாடல் கண்ணனையும் அடுத்த பாடல் இராமனையும் புகழ்வதாக மாறிமாறி வருகின்றது. இருபுறமும் புகழே உளது, ஏளனம் இல்லை. ஆயினும் இருவர் இருபுறம் நின்று தத்தம் தலைவனை உயர்த்தும் போட்டி இவ்வாட்டங்களுக்கெல்லாம் பொது.

இனிப் பள்ளுக்கு வருவோம். தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாறு என்னும் மூன்றும் கூடும் முக்கூடலில் கோயில்கொண்ட அழகர்மேற் பாடப்பட்ட முக்கூடற்பள்ளு ஆசிரியர் பெயர் உறுதிப்படாத நூல். எனினும் பள்ளுக்களுள் தலைசிறந்தது என்று எல்லாராலும் போற்றப்படுவது. மூத்தவள் முக்கூடலைச் சார்ந்தவள், வைணவப் பற்றினள். இளையவள் மருதூரைச் சார்ந்தவள், சைவப் பற்றினள். இருவர்க்கும் கணவன் அழகக் குடும்பன். இவ்விருவரும் இறுதியில் ஏசும்போது சாழலில் வந்த அதே செய்திகளே மீண்டும் வருதல் வியப்புக்குரியது. ஊர் ஊராக இரந்தும் வயிறு நிரம்பாமையின் நஞ்சை உண்டான் உன் தெய்வம் என்கின்றாள் மூத்தவள். மாட்டின்பின் அலைந்தும் சோறு கிடையாமையின் மண்ணைத் தின்றான் உன் தெய்வம் என்கின்றாள் இளையவள். உடுக்க நாலு முழத்துணியின்றிப் புலித்தோலைச் சுற்றியவன் என்றால், மரவுரி உடுத்துத் திரிந்தவன் என்று மறுமொழி வருகின்றது. ஏற ஊர்தியின்றி மாட்டின்மேல் ஏறியவன் என்றால், அந்த மாடும் கிடையாது பறவைமேல் ஏறியவன் என்று திருப்பம் வருகின்றது.

சாழலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? சாழலில் ஏளனத்துக்கு விளக்கம் விடையாக வந்தது. பள்ளில் ஏளனத்துக்கு ஏளனமே விடை. நஞ்சுண்டது தேவரைக் காத்தற்கு என்று பள்ளியர் எவரும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. இது தாழ்ச்சி என்று கருதுவார் உளர். எம் கருத்து வேறு. பல நூற்றாண்டுகளாகச் சாழலும் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் கேட்டு வளர்ந்த அவைக்கு அவ்விடை முன்னரே தெரியும், புலவர் கூறவேண்டுவதில்லை. கேட்போர் நெஞ்சில் விடை இருத்தலாலேயே ஏளனம் நகையாகின்றது. அவ்விடையை அறியாத வேற்றுநாட்டான் ஒருவன் இப்பாடலைக் கேட்பின் அவனுக்கு வசை மட்டுமே புலப்படும். தண்டியலங்காரம் கூறும் புகழாப்புகழ்ச்சியும் இவ்வாறு கேட்போர் அறிவை நம்பி நிற்கும் அணியே.

சமயப் பகையைக் காட்டுவது இப்பகுதி என்னும் கொள்கையும் இதனால் தளர்வுறும். நூல் அழகர்மேற் பாடப்பட்டது. பாடியவர் ஒருவர். அவர் சைவப் பள்ளிக்கு வலுக்குறைந்த சொற்களைக் கொடுத்திருத்தல் எளிது. அவ்வாறு செய்திலர், இருவர் சொல்லும் எடையில் ஒத்து நிற்கின்றன. பகை கருதிய நூல் இவ்வாறு அமையாது. தமிழ்நாட்டில் உண்மையான சமயப் பூசல்கள் எழுந்த காலத்துக் கண்டன நூல்கள் வெளிவந்தன. மறுப்புக்கு மறுப்பு எழுந்தது. அருட்பா மருட்பாப் பூசல் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பள்ளியர் ஏசலோ, இருவரும் மனம் ஒன்றித் தெய்வத்தை வாழ்த்துதலில் முடிகின்றது. சினம் தணிந்தமைக்குப் புலவர் பெருங்காரணம் எதுவும் தேடிக் காட்டாமையும் கருதத்தக்கது. ஆட்டம் முடிந்தது, ஆதலின் ஏச்சும் முடிந்தது.

நூலின் உறுப்புக்களுள் ஏசலுக்கு வகுத்த இடமும் நோக்கற்குரியது. பிற்காலப் பிரபந்தங்களின் உறுப்பு முறையைத் தொகுத்துரைக்கும் இலக்கணக் குறிப்பு, உழத்திப்பாட்டில் நாற்று நடுதல், நெல்லளத்தல் முதலியவற்றின் பின்னர் இறுதியாகவே ஏசலை வைக்கின்றது. களத்தில் நெல் குவிந்து, கூலி அளந்து, உழைப்பு ஓய்ந்த வேளை அது. இஃது யாதோ ஒரு புலவரின் தற்செயல் அமைப்பாயின் இலக்கணமாகியிராது. உழவர் வாழ்வில் இத்தகைய பருவத்தில் இத்தகைய விளையாட்டு இருந்திருத்தல் வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு.

இவ்வூகத்துக்குத் துணையாகப் பிறநாட்டுச் செய்தி ஒன்று கிடைக்கின்றது. உரோமப் புலவர் ஒராசு தம் கவிமடல் ஒன்றில், பண்டை இத்தாலிய உழவர் அறுவடை முடிந்தபின் கூடி, மாற்றுப் பாடல்களால் ஒருவரையொருவர் நாட்டுப்புற ஏச்சில் ஏசிய வழக்கத்தைக் கூறுகின்றார். ‘பெசனைன்’ பாடல்கள் என்பது அவற்றின் பெயர். ஆண்டுதோறும் இனிது நிகழ்ந்த இவ்விளையாட்டு நாளடைவில் கடுமையுற்று, நல்லோர் குடும்பங்களையும் அச்சமின்றித் தாக்கத் தொடங்கியதென்றும், அதன்பின் பழிப்பாட்டுப் பாடுவோர்க்குத் தண்டம் விதித்துச் சட்டம் வந்ததென்றும் அவர் தொடர்ந்து உரைக்கின்றார். அறுவடை, மாற்றுரை, எல்லை கடத்தல், தடை என்னும் இவ்வரிசை நம் ஆராய்ச்சிக்கு மிகப் பயன்படுவது. உரோமத் திருமணங்களிலும் இப்பாடல்கள் பாடப்பட்டன. வெற்றி உலாவில் தேரூர்ந்து வரும் தலைவனை அவன் படைவீரரே எள்ளிப் பாடுதலும் அந்நாட்டு வழக்கம். கிரேக்க நாட்டில் எலூசிசுத் திருவிழாவுக்குச் செல்வோரை ஆற்றுப் பாலத்தில் நின்று ஏசுவது சடங்கின் ஒரு பகுதியாகவே நிகழ்ந்தது; மகளை இழந்து துயருற்றிருந்த தெமெத்தர் என்னும் விளைவுத் தெய்வத்தை ஐயம்பே என்பவள் ஏளனச் சொல்லால் நகைக்கச் செய்தாள் என்பது அவ்விழாவோடு இயைந்த கதை. நமக்கு அணித்தாக, கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலில் மீனத் திங்களிற் பாடப்படும் பரணிப் பாட்டையும் இவ்வரிசையில் வைத்து ஆராய்தல் தகும்.

விளைவுச் சடங்கினின்றே ஏசல் தோன்றியது என்று இவற்றைக் கொண்டு அறுதியிட்டுரைத்தல் அவசரமாகும். அறுவடையை விடவும் உறுதியான வேர் ஒன்று தமிழ் வாழ்க்கையில் உளது. அதுவே முறை.

தமிழர் உறவுமுறையில் பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும் இருபெரும் பிரிவுண்டு. உடன்பிறந்தார் முறையினரிடம் கேலி பேசுதல் ஆகாது. மாமியார், மாமனார் முன்னிலையிலும் அவ்வாறே. மைத்துனன், மைத்துனி, அண்ணன் மனைவியாகிய மதினி, அக்காள் கணவனாகிய அத்தான் ஆகியோரிடம் கேலி பேசலாம். பேசாதிருத்தலே சில வேளைகளிற் குறையாகக் கருதப்படும். பாட்டன் பேரனிடையிலும் பாட்டி பேத்தியிடையிலும் இவ்வுரிமை உண்டு. ‘முறையில்லாதவரிடம் கேலி என்ன’ என்று பெரியோர் கண்டிக்கும்போது அவர்கள் சொல்லை நோக்குவதில்லை. சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் உள்ள உறவையே நோக்குகின்றனர். கோயில் விழா முடிவில் நடக்கும் மஞ்சள்நீர் விளையாட்டில் முறைமாமன் மேலும் முறைப்பெண் மேலும் நீர் ஊற்றுவதும், திருமண நலுங்கில் மணமகனும் மணமகளும் தேங்காய் உருட்டியும் அப்பளம் உடைத்தும் ஆடுவதும், அங்குக் கூடிய பெண்டிர் எதிர்ப்பக்கத்துச் சம்பந்தியின் கருமித்தனத்தையும் நாத்தனாரின் நடையையும் பாட்டிலே வைத்து ஏசுவதும் இவ்வுரிமையின் சடங்கு வடிவங்கள்.

மானிடவியலார் இதனைப் பிறநாடுகளிலும் கண்டு ஆராய்ந்துள்ளனர். இராட்கிளிப்-பிரௌன் 1940-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் மற்றவரை ஏளனம் செய்ய வழக்கமே இசைவளித்து, மற்றவர் சினவாதிருக்கவும் வழக்கமே கட்டளையிடும் உறவுகள் உள எனக் காட்டினார். திருமணத்தால் இரு குடிகள் இணைகின்றன. எனினும் அவை இரண்டாகவே நிற்கின்றன. நலன்கள் மாறுபடலாம்; மனத்தாங்கல் தோன்றலாம். அத்தாங்கல் பகையாக முதிராவண்ணம் காக்கும் வழிகள் இரண்டு. மாமியாரிடத்துப் போல மிக்க மதிப்புக் காட்டி விலகி நிற்றல் ஒன்று. மைத்துனரிடத்துப் போல இடையறாது கேலி பேசுதல் மற்றொன்று. அவர் எடுத்துக்காட்டுக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க நாட்டினவாயினும், தமிழ்த் திருமண வீட்டை நேரிற் கண்டு எழுதினாற் போல அவை பொருந்துகின்றன. பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த உலூயி துய்மோன் 1957-இல் வெளியிட்ட நூல்களில், மணவுறவு என்பது ஒரு தலைமுறையோடு முடியாது வழிவழி வரும் உரிமை எனத் தென்னாட்டு உறவுமுறையை விளக்கினார். அவ்வாறாயின் ஏசும் உரிமையும் வழிவழி வருவதே. தந்தையின் மைத்துனன் மகன் எனக்கு மைத்துனன் ஆவதைப் போல.

பள்ளியர் இருவரும் மைத்துனியர் அல்லரே, சக்களத்தியர் அன்றோ எனின், உண்மை. ஆயினும் ஒரு கணவனையும் ஒரு பண்ணையையும் ஒரு களத்து நெல்லையும் பகிர்ந்துகொள்ளும் இருவர் அவர். இணைந்தும் பிரிந்தும் நிற்கும் அந்நிலை, சம்பந்திகளின் நிலையோடு ஒப்பது. வள்ளியும் தெய்வயானையும் ஏசல் நூலுக்குத் தலைவியராயதும் இதனாலேயே. திருக்கோயில்களும் இம்முறையை மேற்கொண்டுள்ளன. பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில், உறையூர் நாச்சியாரிடம் சென்று மீண்ட பெருமாளைத் தாயார் கதவடைத்து நிறுத்த, இருதிறத்தாரும் மாற்றுரை வாசிக்கும் பிரணய கலகமும், பெருமாள்மேல் வாழைமட்டை வீசுதலும் நிகழ்கின்றன. நம்மாழ்வார் இடைநின்று அமைதி செய்விக்கச் சேர்த்தி நடக்கின்றது. திருவண்ணாமலையில் மாட்டுப்பொங்கலன்று நிகழும் திருவூடலில் சுந்தரர் தூது செல்கின்றார். எவ்விடத்தும் பூசலைத் தீர்ப்பவர் ஒருவர் முன்னரே குறிக்கப்பட்டிருத்தலைக் காண்க.

இசைப்பாட்டு என்பது மருவிய எசப்பாட்டிலும், தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையையொட்டி எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து பாடும் லாவணியிலும் தனியாள் ஏச்சும் இடையிடையே கலக்கும். மன்மதன் எரிந்தானா இல்லையா என்னும் வினா ஆண்டுதோறும் எழுப்பப்பட்டு ஆண்டுதோறும் தீராமலே விடப்படுகின்றது. தீர்ந்துவிட்டால் மறுஆண்டு பாட என்ன இருக்கும்?

அண்மைக்கால ஆராய்ச்சியுள் இன்னும் ஒன்று ஒப்புநோக்கற்குரியது. அமெரிக்க நகரங்களில் கறுப்பின இளைஞர் ஆடும் ‘டசன்ஸ்’ என்னும் வசைவிளையாட்டைப் பற்றி ஜான் டாலார்டு 1939-இலும், வில்லியம் இலபாவு 1972-இலும் எழுதினர். ஒருவன் தாயைப் பற்றி மற்றவன் நம்பவியலாத மிகைக்கூற்றுக்களை அடுக்க, அவன் அதனினும் மிகைத்து விடுப்பான். சூழ்ந்திருப்போர் நகைத்து வெற்றி தோல்வி கூறுவர். இலபாவு கண்ட நுட்பம் இது: கூற்று உண்மையாயிருக்கலாம் என்னும் ஐயம் தோன்றிய அளவில் விளையாட்டு முறிகின்றது. ஏசப்பட்டவன் எதிர் ஏச்சுக் கூறாது ‘அவ்வாறில்லை’ என்று மறுக்கத் தொடங்குவானாயின் அது தனியாள் வசையாகிவிட்டது என்பது பொருள். சிறந்த விதியே, ஆயினும் தமிழ் ஏசலுக்கு இதனை அப்படியே கொள்ளுதல் இயலாது. சிவபெருமான் விடையேறியது பொய்யன்று. கண்ணன் மண்ணுண்டது பொய்யன்று. செய்தி எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. அதற்கு வறுமை என்று கற்பித்த காரணமே பொய். சொல்லின் பொய்ம்மையைக் காட்டிலும் மதிப்பீட்டின் பொய்ம்மை தமிழில் வேலியாக நிற்கின்றது. சம்பந்தி ஏசலும் அவ்வாறே. பெருவிருந்து படைத்தவளையே ‘உப்பில்லாச் சோறு போட்டவள்’ என்று பாடுவர். மெய்யாகவே விருந்தில் குறை நேர்ந்த வீட்டில், அறிந்த பெண்டிர் அப்பாட்டைத் தவிர்த்துவிடுவர்.

இதுகாறும் கூறியவற்றால் பள்ளு முற்றும் குற்றமற்றது என்று எம்மைக் கொள்ளற்க. ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அதனை விலக்கிச் செல்லுதல் நேர்மையன்று. பள்ளுப் பாடியோர் கற்ற புலவர். ஏசுவோராக அவர் நிறுத்தியவரோ, பண்ணையில் உழைத்த பள்ளர் குலப் பெண்டிர். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயர் பெற்ற சமூகங்களுள் ஒன்று அது. பள்ளியர் தம்முள் ஏசிக்கொள்வது ஒத்தார் விளையாட்டு. அவ்வேச்சைப் புனைந்து, பண்ணைக்காரர் அமர்ந்த அவையில் நகைக்காக அரங்கேற்றுதல் அவ்விளையாட்டே ஆகுமா? கலித்தொகைக் குறளனும் கூனியும் அஞ்சியது இந்நகையை அன்றோ? புலவர் இதனை முற்றும் உணர்ந்திலர் என்றும் கூறவியலாது. பண்ணைக்காரனின் உருவையும் நடையையும் நூல் நகைக்குரியனவாகவே வரைகின்றது. மேலிருப்பவனும் எள்ளலுக்குத் தப்பவில்லை. ஆயினும் குடும்பனைத் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரம் அவனிடமே உளது. அவனை எதிர்நின்று ஏசும் உரிமை எவர்க்கும் வழங்கப்படவில்லை. மாற்றுரை இல்லாவிடத்து ஏசல் இல்லை என்று மேலே கூறினோம். அவ்வளவையால் அளக்கின், முக்கூடற்பள்ளின் இறுதிப் பகுதி ஏசல். அதே நூலில் குடும்பனைக் குறித்து எழும் நகையுட் சில பகுதிகள் ஏசலல்ல. பாடஞ் சொல்வோர் இவ்விரண்டையும் ஒருங்கு ‘நகைச்சுவை’ என்று தலைப்பிட்டுக் கற்பித்தல் தவறு. விளையாட்டு என்னும் போர்வையில், விடை கூறவியலாதாரைச் சாதி குறித்தும் உடற்குறை குறித்தும் எள்ளும் வழக்கம் கல்லூரிகளிலும் அற்றுப்போகாத இந்நாளில், மாணவர் இவ்வேறுபாட்டைப் பள்ளினின்றே கற்கலாம்.

நாட்டுப்பாடல் தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருமண ஏசற் பாடல்களை அச்சிடுங்கால் பாட்டின் சொற்களை மட்டும் எழுதி, ஊர்ப்பெயரோடு நிறுத்துவது போதாது. பாடியவள் மணமகளுக்கு என்ன முறை, பாடப்பட்டவள் யார், சடங்கின் எந்த நிலையில் பாடப்பட்டது, எதிர்ப்பக்கத்தார் மறுபாட்டுப் பாடினரா, எப்போது நிறுத்தினர் என்னும் குறிப்புக்களும் வேண்டும். அத்தைமகள் பாடிய பாட்டும் அயலாள் பாடிய பாட்டும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். திருமணங்கள் மண்டபத்துக்குப் பெயர்ந்து, நான்கு நாள் சடங்கு ஒரு காலைப் பொழுதில் அடங்கிவிட்டமையால், நலுங்குக்கே இடமின்றிப்போன குடும்பங்கள் பல. இப்பாடல்களை முறையறிந்து பாடவல்லார் இன்று பெரும்பாலும் முதியோரே; அவர்களைக் கேட்கும்போது பாட்டை முன்னும் முறையைப் பின்னுமாக அன்றி, முறையை முதலிற் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நலம்.